கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா

விண்ணப்பப் படிவத்தின் ஆறாவது கேள்வி இதுதான்: அண்மையில் நீங்கள் போன சிறிய உள்ளூர் அருங்காட்சியகங்கள் எவை, அங்கே உங்களுக்கு என்ன தோன்றியது?

கிழக்கு லண்டனில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பயிற்சி வேலை. இருந்தது ஒரே ஒரு இடம். நான் வரலாறு படித்துப் பட்டம் எடுத்து, இரண்டு வருடமாக ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பயிற்சி வேலையை நான் விரும்பிய அளவுக்கு அதற்கு முன் எதையும் விரும்பியதில்லை. ஆனால் நான் போன அருங்காட்சியகங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப் போன பெரியவை. சிறியது ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே என்ன தோன்ற வேண்டும் என்பதும் தெரியவில்லை.

வரைபடத்தில் தேடியபோது, ஸ்ட்ராட்ஃபர்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய கென்ட் பக்கத்துச் சிற்றூர்களில் ஊருக்கு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். ரயிலின் இரு பக்கமும் முந்திரிகைத் தோட்டங்கள். திராட்சையை எங்கள் வீட்டில் முந்திரிகை என்றுதான் சொல்வோம். அங்கே அதிலிருந்து வைன் செய்கிறார்கள். அதனால் வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. வைன் செய்கிற இடத்துக்குக் கிழமைக்குக் கிழமை என்னத்துக்குப் போகிறாய் என்று அம்மா கேட்டார். பழைய சாமான் பார்க்க என்றேன். அதை நம்புகிற ஆள் நாங்கள் இருக்கிற ஃபாரஸ்ட் கேட்டில் ஒருவரும் இல்லை என்று சொல்லி, நான் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டை எடுத்து மணந்து பார்த்தார். பழைய சாமான் பார்க்க வேண்டுமென்றால் பின்வளவு ஷெட்டுக்குள் போய் நிற்கலாமே, டிக்கெட் எடுக்கத் தேவையில்லை என்றார் அப்பா.

அப்பா சொன்னதில் ஞாயம் இருந்தது. முதல் ஊரில் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். துணி பிழிகிற உருளை, ஒரு செங்கல், யாரோ ஒரு பிள்ளையின் சப்பாத்து, பள்ளிக்கூட மணி. செங்கல்லின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். அதைப் பார்த்து என்ன நினைப்பது? பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அதே செங்கல்லைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த எதுவோ எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஊரில் இன்னும் குழம்பினேன். அந்தப் பகுதியில் முன்பு பியருக்குப் போடுகிற ஹொப்ஸ் கொடிதான் விளைந்ததாம். அதைப் பறிக்கக் கிழக்கு லண்டனிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போவார்களாம். படத்தில் சேற்றுக் காலோடு பெண்களும் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் புறப்பட்ட தெருக்களில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அது அவர்களுக்கு வருடாந்த விடுமுறை என்று கீழே எழுதியிருந்தது. கூலிக்குப் போய்க் கொட்டிலில் படுத்தது எப்படி விடுமுறை ஆகும்? குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன், ஆனால் கேள்விக்குறி போட்டுத்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது லேபிள்களில் அடிக்கடி வந்த ஒரு வார்த்தை: ‘என நினைக்கிறோம்.’ இது ஆட்டு மணி என நினைக்கிறோம். இது பால்காரரின் அளவை என நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அச்சடித்து வருகிற எதுவும் நினைப்பதில்லை. கவுன்சில் கடிதம் கட்டு என்றால் கட்ட வேண்டும், வா என்றால் போக வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் வாசித்துச் சொல்வதுதான் அவர்களுக்கு வேதவாக்கு. அப்படி வளர்ந்த எனக்கு, ஒரு கண்ணாடிப் பெட்டி தான் நினைப்பதாகச் சொன்னது பிடிபடவில்லை.

மூன்றாவது ஊரில்தான் அந்த இரும்பு இருந்தது.

அதுவும் இரண்டு அறைதான். பின்னறையில் புதிதாக முந்திரிகைக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அருங்காட்சியகத்துக்குள்ளும் வரட்டும் என்ற எண்ணம். அவர்களும் வந்தார்கள், பெரும்பாலும் கழிப்பறைக்கு. அந்த மூலையில் ஒரு பீப்பா, சில போத்தல்கள், நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு சாண் நீள மரப்பிடி, அதன் நுனியில் வளைந்த இரும்பு, வளைவின் உட்பக்கம் சின்னச் சின்னப் பற்கள். பக்கத்தில் ஒரு அட்டை: இது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? நூலில் ஒரு பென்சில் தொங்கியது. எழுதிப் போட ஒரு பெட்டியும் இருந்தது.

நான் பதினாலு வயது வரை யாழ்ப்பாணத்தில் படித்தவன். வினாத்தாளில் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது என்பதுதான் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது. தெரியாவிட்டாலும் எழுது, திருத்துகிறவருக்கு அரைப் புள்ளி போட ஒரு இடம் கொடு. அட்டையையும் பென்சிலையும் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. அங்கே வந்த மற்றவர்கள் கேள்வியை வாசித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். தெரியாத கேள்வியைக் கடந்து போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எழுதினேன்: இது முந்திரிகைக் கொடியைப் பந்தல் கம்பிக்கு இழுத்துப் பிடித்துக் கட்டுகிற கருவி. வளைவு கொடியை இழுக்க, பற்கள் கொடி வழுக்காமல் இருக்க. எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆதாரம் இல்லை. பல்கலைக்கழகத்தில் அடிக்குறிப்பு இல்லாத வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவார்கள். அதனால் இன்னொரு வரி சேர்த்தேன்: இலங்கையின் வடக்கில் என் தந்தை பன்னிரண்டு வருடம் இதைப் பயன்படுத்தினார்.

பன்னிரண்டு வருடம் உண்மை. அப்பா ஒருவருடைய முந்திரிகைப் பந்தலில் கூலிக்கு வேலை செய்துவிட்டுத்தான் லண்டனுக்கு ஓடி வந்தவர். மிச்சம் நான் கட்டியது. கீழே என் மின்னஞ்சலையும் எழுதிப் பெட்டிக்குள் போட்டேன். பரீட்சை எழுதி முடித்த மாதிரி மனம் லேசாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மையார் எழுதியிருந்தார். அங்கே எல்லாரும் ஓய்வுபெற்ற பிறகு சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள். எட்டு வருடமாக விடை தெரியாமல் இருந்த பொருளுக்கு என்னால் விடை கிடைத்தது என்றும், புது லேபிள் அச்சடித்துவிட்டோம் என்றும் எழுதி, படமும் அனுப்பியிருந்தார். ‘இலங்கையைச் சேர்ந்த அனுபவமிக்க முந்திரிகைத் தொழிலாளி ஒருவரின் தகவல்படி’ என்று தொடங்கியது லேபிள். அதில் ‘நினைக்கிறோம்’ என்ற வார்த்தை இல்லை.

அப்போதே உண்மையை எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சி வேலைக்கு, அருங்காட்சியகத்தோடு தொடர்புள்ள ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம் என்று படிவத்தில் இருந்தது. எனக்கு அப்படி உலகத்தில் ஒருவரும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு, கடிதம் தருவீர்களா என்று கேட்டேன். மகிழ்ச்சியோடு தருகிறேன் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றேன். சனிக்கிழமை உங்கள் தந்தையையும் கூட்டி வாருங்கள், அவர் அந்தக் கருவியைப் பிடிப்பதைப் பார்க்க எங்கள் எல்லாருக்கும் ஆசை, அன்றைக்கே கடிதத்தைப் பற்றியும் பேசுவோம் என்று பதில் வந்தது.

அப்பாவிடம் பாதிதான் சொன்னேன். முந்திரிகையில் வேலை செய்த ஆளைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அந்த அம்மாதான் எனக்கு வேலைக்குக் கடிதம் தரப்போகிறவர். அப்பா கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அம்மா ஒரு வாளி தட்டை வடை தந்துவிட்டார். ரயிலில் மிச்சத்தைச் சொல்லுவோம் என்று நினைத்திருந்தேன். அப்பா அதிகாலைத் துப்புரவு ஷிப்ட் முடித்து வந்தவர், ரயில் லண்டனைத் தாண்ட முன்னமே நித்திரையாகிவிட்டார். மடியில் வாளி. எழுப்ப மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

அம்மையார் வாசலிலேயே நின்றார். எழுபது வயது இருக்கும், கழுத்தில் பச்சை ஸ்கார்ஃப். வடை வாளியை இரண்டு கையாலும் வாங்கி, பொருட்கள் இருக்கிற அறைக்குள் சாப்பாடு போகக்கூடாது என்று மிகுந்த மன்னிப்போடு குசினியில் வைத்தார். அவரோடு அங்கே வேலை செய்கிற ஒரு உயரமான கிழவர், கையில் படம் எடுக்க போன். வைன் சுற்றுலாவுக்கு வந்த ஒரு தம்பதியும் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்து நின்றார்கள். அம்மையார் கையுறை போட்டு, பெட்டியைத் திறந்து, ஒரு தட்டில் வைத்து அந்த இரும்பை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உது என்ன சாமான் தம்பி?”

“கொடி கட்டுறதப்பா.”

“ஆர் கட்டுறது?”

“நீங்கள்.”

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே தமிழில் சொன்னேன். “ஊரில நீங்கள் உதைப் பாவிச்சனீங்கள் எண்டு நான் எழுதிக் குடுத்திட்டன். அங்க பாருங்கோ, பிரிண்ட் பண்ணிப் போட்டிருக்கினம்.”

அப்பா லேபிளைப் பார்த்தார். “என்ர பேரோ?”

“பேரில்லை. இலங்கையில ஒரு முந்திரிகைத் தொழிலாளி எண்டு.”

“நான் உப்பிடி ஒரு சாமானை என்ர சீவியத்தில கண்டதில்லையடா.”

“தெரியும்.”

“பிறகேன் எழுதினனி?”

“தெரியுமோ எண்டு கேட்டிருந்தவை.”

அம்மையார் ஆவலோடு என்னிடம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். பழைய ஞாபகங்கள் வருகின்றன என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். பதினாலு வயதிலிருந்து வைத்தியரிடமும் கவுன்சிலிலும் அப்பாவுக்காகப் பேசியவன் நான். கடினமான வார்த்தையைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்கிற பழக்கம் எனக்கு முன்பே இருந்தது. ஆனால் இப்படி முழுதாக மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பா இரும்பைக் கையில் வைத்தபடி அம்மையாரைப் பார்த்தார்.

“உந்த மனுசியோ உனக்குக் கடிதம் தாறது?”

“ஓம்.”

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். பீப்பாவைத் தொடாமல் இருக்க ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது, அதைக் காட்டி இதுதான் கம்பி என்று சைகை செய்தார். அம்மையாரின் ஸ்கார்ஃபைக் கையால் கேட்டார். அவர் கழற்றித் தந்தார். அது கொடி. அப்பா இரும்பின் வளைவால் ஸ்கார்ஃபைக் கொளுவி, ஒரு காலை முன்னே வைத்து, பல்லைக் கடித்து இழுத்துக் கயிற்றுக்குக் கொண்டுவந்தார். மற்றக் கையால் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒரு தட்டுத் தட்டி, நெற்றியைத் துடைத்தார். பிறகு அடுத்த கொடிக்குப் போனார். அங்கே கொடியே இல்லை. வெறும் காற்றைக் கொளுவி இழுத்தார். பன்னிரண்டு வருடம் அதையே செய்தவர் போல இருந்தது. சுற்றுலாத் தம்பதி கை தட்டினார்கள். கிழவர் முழுவதையும் போனில் எடுத்துவிட்டார்.

உண்மையிலேயே அப்பாவுக்கு இது தெரியுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நான் ஊகித்து எழுதியது தற்செயலாகச் சரியோ? பற்கள் ஸ்கார்ஃபை அவ்வளவு நன்றாகப் பிடித்தன.

அம்மையார் ஒரு படிவத்தை எடுத்துப் பென்சிலை வைத்துக்கொண்டு, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்கச் சொன்னார். எழுத்துக்கூட்டி மெதுவாகச் சொல்லுங்கள், நாங்கள் எல்லாம் போன பிறகும் இந்தப் படிவம் இருக்கும், பின்னால் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள் என்றார்.

“அந்தச் சாமானுக்குப் பேர் கேக்கினமப்பா.”

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “அதையும் நீயே சொல்லன். இவ்வளவும் நீதானே சொன்னனி.”

ஒரு பெயர் சொல்வது சுலபம். கொடிக்கொக்கி என்றோ பந்தல்வளை என்றோ சொன்னால் அங்கே யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் பின்னால் வரப்போகிற அந்த ஆராய்ச்சியாளரை எனக்குத் தெரியும். ஒரு வாக்கியத்துக்கு ஆதாரம் தேடி மூன்று நாள் நூலகத்தில் இருந்த நான்தான் அவர். கடைசியில் இந்தப் படிவத்தைக் கண்டுபிடித்து, அடிக்குறிப்பு போட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அம்மையாரின் பென்சில் நுனி தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெயர் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பாவுக்கு இந்தப் பொருளைத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஊகித்து எழுதினேன்.

அப்படியென்றால் இப்போது அவர் என்ன செய்தார் என்று கேட்டார் அம்மையார்.

எனக்கு உதவி செய்தார் என்றேன்.

கிழவர் போனைத் தாழ்த்தினார். தம்பதி போத்தல்களைப் பார்க்கத் திரும்பினார்கள். அம்மையார் கயிற்றிலிருந்து ஸ்கார்ஃபை அவிழ்க்கப் பார்த்தார். அப்பாவின் முடிச்சு லேசில் வரவில்லை, அப்பாவே போய் அவிழ்த்துக் கொடுத்தார். தேநீர் போடுகிறேன் என்று அம்மையார் குசினிக்குள் போனார்.

“என்ன சொன்னனி?” என்றார் அப்பா.

“உண்மையைச் சொல்லிப்போட்டன்.”

“அதை நான் ஆட முன்னம் சொல்லியிருக்கலாமே. இந்த வயசில என்னைக் காத்தை இழுக்க விட்டிட்டு.”

தேநீர் வரப் பத்து நிமிடம் ஆனது. இந்த நாட்டில் பதினொரு வருடம் இருந்தும் தேநீரின் பொருள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கோபத்திலும் போடுகிறார்கள், செத்த வீட்டிலும் போடுகிறார்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுகிறார்கள். அம்மையார் தட்டில் தேநீரும் எங்கள் வடையும் கொண்டுவந்தார். எங்களைக் குசினி வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சின்னத் திருப்புளியோடு போய்ப் புது லேபிளைக் கழற்றினார். அதைக் குப்பையில் போடுவார் என்று பார்த்திருந்தேன். போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, தேதி எழுதி, அந்தப் பொருளின் கோப்புக்குள் சேர்த்தார். நான் பென்சிலால் எழுதிப் போட்ட அட்டையும் ஏற்கெனவே அதற்குள் இருந்தது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாங்கள் எதையும் எறிவதில்லை என்றார். படத்தை அழிக்கவா என்று கிழவர் கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டார். நான் திருத்தியது போதாதா, என் பொய்க்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்க வேண்டுமா? கேட்கவில்லை.

பிறகு அவர் அப்பாவுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பந்தலில் வேலை செய்ததாவது உண்மையா, அப்படியென்றால் கொடியை எதனால் கட்டினீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

“வாழைநாராலதான். வேறென்ன? சாமானெல்லாம் ஆர் வாங்கித் தந்தது? கையும் வாழைநாரும்,” என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, “வாற வழியில பாத்தனான், இவை ஏன் கொடியை இடுப்பளவில மறிச்சு வைச்சிருக்கினமெண்டு கேள். நாள் முழுக்கக் குனிஞ்சா முதுகு என்னத்துக்காகும்?”

இரண்டையும் அப்படியே, மென்மையாக்காமல் மொழிபெயர்த்தேன். இங்கே வெயில் குறைவு, நிலத்தின் சூட்டுக்குக் கிட்ட இருந்தால்தான் பழுக்கும் என்றார் அம்மையார். முதுகைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை என்றும் சொன்னார். அதைப் படிவத்தில் எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: கடிதம் எழுதுவேன். ஆனால் நடந்ததையும் அதில் எழுத வேண்டியிருக்கும். உங்களுக்குச் சம்மதமா?

சம்மதம் என்றேன். அந்தக் குரலில் இருந்தது கண்டிப்பா, அன்பா? ரயிலில் அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரியும். கோபம்தான், ஆனால் வடையில் நாலைத் தனக்கென்று எடுத்து வைத்தவர் என்றார். அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

கடிதம் செவ்வாய்க்கிழமைக்கு முன்னமே நேராக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் கண்ணில் படவில்லை. ஆறாவது கேள்விக்கு நான் செங்கல்லைப் பற்றி எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா அடுப்படியில். போனைத் திறந்து சத்தமாகத் தமிழில் சொன்னேன். ஒரே ஒரு இடம் இருந்தபடியால் இந்தத் தடவை என்னை எடுக்க முடியவில்லை. என்னுடைய பரிந்துரைக் கடிதம் தேர்வுக் குழுவில் நீண்ட உரையாடலை உண்டாக்கியது. அடுத்த வருடமும் கட்டாயம் விண்ணப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். “உரையாடல் எண்டா? சண்டையோ?”

“சண்டை எண்டில்லை. கதைச்சிருக்கினம்.”

“நல்லாக் கதைச்சவையோ கூடாமக் கதைச்சவையோ?”

ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் எழுதியிருந்தார்கள். “தெரியேல்லை,” என்றேன்.

“ஆரைப் பற்றி? உன்னைப் பற்றியோ, நான் ஆடினதைப் பற்றியோ?”

இன்னொரு தடவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

“அதில போடேல்லையப்பா.”